நாற்பதுக்குக் கீழே மழைத்துளி இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். நேர்காணலுக்குப் போகிற வழியில் தொப்பலாக நனைந்ததையும், கோப்புக்குள் தண்ணீர் இறங்கிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதையும் சொல்லிவிட்டு, கடைசியில் "உன் ஆப்புல சூரியன்தானே இருந்துச்சு, அதான் குடை எடுக்கல" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். அதுதான் என்னை உறுத்தியது. ஃபோனில் பேசினால் உன்னைச் சமாதானப்படுத்தவே பார்ப்பேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, அன்று காலை உன் ஊருக்கு எங்கள் வானிலைச் செயலி என்ன காட்டியது என்று எடுத்துப் பார்த்தேன். என் ஃபோனில் உன் ஊர்தான் முதல் வரிசையில் இருக்கிறது. நீ கிளம்பிப் போன நாளிலிருந்து, எந்தப் புதுத் திரையை வரைந்தாலும் உன் ஊரை வைத்துத்தான் முதலில் சோதிப்பேன். அன்று மழை வாய்ப்பு 30 சதவீதம். மேலே பெரிதாக ஒரு சூரியன், ஓரத்தில் கொஞ்சம் மேகம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 30. வாய்ப்பு நாற்பதுக்குக் கீழே இருந்தால் படத்தில் மழைத்துளி வரையக்கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியது நான்.

ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு 20 சதவீதத்துக்கே துளி போட்டுக்கொண்டிருந்தோம். ஈரக்காற்று வீசுகிற மாதங்களில் ஏழு நாளுக்கும் ஏழு மழைப்படம் வரும், பெரும்பாலான நாட்கள் வெயிலாகவே போகும். "இது எப்பவும் மழைன்னுதான் சொல்லும், நான் பாக்கறதே இல்ல" என்று சோதனைக்கு வந்த ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். தினமும் எச்சரித்தால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். ஆகவே எல்லையை உயர்த்தினோம். புகார்கள் குறைந்தன, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். 30 சதவீத நாளில் சூரியனை மட்டும் வரைந்தால், மழை வராது என்ற முடிவை உனக்காக நானே எடுத்துவிடுகிறேன்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: அன்றைக்கு இருந்தது போன்ற நிலைமை பத்து நாள் வந்தால், நீ இருக்கும் இடத்தில் மூன்று நாள் மழை பெய்யும். அன்று உனக்கு வாய்த்தது அந்த மூன்றில் ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் மக்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கெர்ட் கிகெரென்ஸர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஆட்களை நிறுத்தி, "நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு" என்றால் என்னவென்று கேட்டார்கள். 2005இல் அந்த ஆய்வு வெளியானது. நியூயார்க்கில் மட்டும்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். மற்ற நான்கு ஊர்களிலும், நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்று நினைத்தவர்களே அதிகம். ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்தே பொதுமக்களுக்கான முன்னறிவிப்பில் இந்தச் சதவீதம் வந்துகொண்டிருக்கிறது. பழகியவர்களுக்குப் புரிந்தது, எண்ணை மட்டும் கையில் வாங்கியவர்களுக்குப் புரியவில்லை.

எண் எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் நீ கேட்டபோது சரியாகச் சொல்லத் தெரியாமல் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். காற்றை முழுக்க அளக்க யாராலும் முடியாது. அளந்ததில் இருக்கும் சிறு பிழைகூட நாள் போகப்போகப் பெரிதாகும். அதனால் தொடக்க நிலையை லேசாக மாற்றி மாற்றி, ஒரே கணக்கைக் கணினியில் பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல் இப்படிச் செய்துவருகிறது, இப்போது ஒவ்வொரு தடவையும் 50 மாற்றங்களோடு. அந்த 50இல் 15 கணக்குகள் உன் தெருவில் மழை என்று சொன்னால், தோராயமாக 30 சதவீதம். அதாவது அன்று காலை பதினைந்து கணக்குகள் உன்னை நனையவிட்டன, முப்பத்தைந்து கணக்குகள் காப்பாற்றின. அந்தப் பதினைந்தையும் என் சூரியன் மறைத்துவிட்டது.

இந்த ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடுவது இதுதான். 30 சதவீதம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் நனைந்தால் ஆகிற நஷ்டம் ஒன்றல்ல. சும்மா நடக்கப் போகிறவர் நனைந்தால் வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொள்வார். கையில் சான்றிதழ் வைத்திருப்பவளுக்கு அதே 30 பெரிய எண். கான்கிரீட் போட இருக்கிறவருக்கு இன்னும் பெரியது. அன்று உனக்கு நேர்காணல் என்று செயலிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தெரியாதபோது, சந்தேகத்தை அப்படியே உன் கையில் கொடுத்து, நீயே எடைபோட்டுக்கொள் என்று விடுவதுதான் முறை.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், கேள். டார்வினை ஏற்றிக்கொண்டு போன பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகள் அவரை விடவில்லை. 1861இல் துறைமுகங்களுக்குத் தந்தி கொடுத்துப் புயல் எச்சரிக்கை சொல்லத் தொடங்கினார். எச்சரிக்கை எப்படித் தெரியுமா? கம்பத்தில் ஒரு கூம்பை ஏற்றுவார்கள். நுனி மேலே இருந்தால் வடக்கிலிருந்து சூறைக்காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகளை அதே முக்கோண வடிவில் தொங்கவிடுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் புரியும், தூரத்துப் படகிலிருந்தும் தெரியும். என் வேலையின் நல்ல பாடங்களெல்லாம் அந்தக் கம்பத்திலேயே இருக்கின்றன. எங்கள் ரேடார் வரைபடத்தில் லேசான மழைக்குப் பச்சை, கனமழைக்குச் சிவப்பு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பது நன்றாக அறிந்த விஷயம். அதை மாற்றவே எங்களுக்கு நெடுநாள் ஆனது.

அதே 1861 ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஃபிட்ஸ்ராயின் முதல் பொது முன்னறிவிப்பு வந்தது. 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை வானிலைக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். இது தீர்க்கதரிசனம் இல்லை, கணக்குப் போட்டுச் சொல்கிற ஒரு கருத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் தவறிய நாட்களில் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. 1865இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சந்தேகத்தோடு சொன்ன சொல்லை மக்கள் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டால் சொன்னவருக்கு என்ன ஆகும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

காற்றின் வலுவுக்கு எண் கொடுக்கிற பாஃபோர்ட் அளவுகோலும் எனக்குப் பிடித்தது. 1805இல் பிரான்சிஸ் பாஃபோர்ட் காற்றை வேகத்தால் அளக்கவில்லை, ஒரு கப்பல் எத்தனை பாய் விரிக்க முடியும் என்பதால் அளந்தார். பிறகு நிலத்துக்கும் அதை எழுதினார்கள். இரண்டு என்றால் முகத்தில் காற்று தெரியும், இலை சலசலக்கும். நாலு என்றால் புழுதியும் காகிதமும் பறக்கும். ஆறு என்றால் குடை பிடிப்பது கஷ்டம். மணிக்கு 45 கிலோமீட்டர் என்று நான் திரையில் போட்டால் உனக்கு என்ன தெரியும்? குடை பிடிப்பது கஷ்டம் என்றால் உடனே தெரியும். உலக வானிலை அமைப்பும் 2015இல் இதையே வழிகாட்டுதலாக எழுதியது: வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிற்காமல், அது என்ன செய்யும் என்று சொல்லுங்கள் என்று.

சந்தேகத்தை வரைந்து காட்டினாலும் ஆட்கள் அதை உறுதியாக மாற்றிக்கொள்வார்கள் என்பதற்குப் புயல் கூம்பு ஒரு சாட்சி. ஃபிட்ஸ்ராயின் கம்பத்துக் கூம்பு இல்லை, அமெரிக்க தேசியச் சூறாவளி மையம் 2002 முதல் வரைபடத்தின் மேல் கூம்பு வடிவில் வரைகிற படம் இது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் முன்கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி அதன் அகலத்தைப் போடுகிறார்கள். புயலின் மையம் எங்கெங்கு போகக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பார்ப்பவர்களோ அந்த அகலத்தைப் புயலின் அளவு என்று நினைக்கிறார்கள், கூம்புக்கு வெளியே இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். 2004 ஆகஸ்டில் சார்லி சூறாவளி வந்தபோது படத்தின் நடுக்கோடு ஃப்ளோரிடாவின் தாம்பா பகுதியை நோக்கி இருந்தது. புயல் முன்னதாகவே திரும்பி, தெற்கே புன்டா கோர்டா பக்கம் கரையேறியது. அந்த இடமும் கூம்புக்குள்தான் இருந்தது. பார்த்தவர்களின் கண் போனது கோட்டின் மேல். நடுவில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் மற்ற எதுவும் கண்ணில் படாது, பாப்பா. என் சூரியனும் அப்படி ஒரு கோடுதான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்திருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பள்ளியில் படிக்கும்போது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். ஒருநாள் பெருங்காற்றில் பல இடங்களில் டவர் விழுந்து நெட்வொர்க் போய்விட்டது. புதுத் தகவல் இறங்கவில்லை, அதனால் செயலி முந்தின நாள் மதியம் சேமித்து வைத்திருந்த பக்கத்தையே காட்டியது. வெயில் படம். 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற வரி அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. திரை சுத்தமாக இருக்கவேண்டும் என்று அந்த வரியைக் கீழே தள்ளியது நான். ஒரு பெண் அந்தப் படத்தை நம்பிக் குழந்தையோடு வண்டியில் கிளம்பி, மரம் விழுந்த சாலையில் இரவு வரை மாட்டிக்கொண்டார். யாருக்கும் அடிபடவில்லை. அவர் எழுதிய மின்னஞ்சலில் ஒரு கேள்விதான் இருந்தது: "நேற்றைய பக்கம் என்று ஏன் சொல்லவில்லை?" அதற்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

இப்போது எங்கே வேலை பார்த்தாலும் முதலில் வைப்பது இந்த விதியைத்தான். தகவல் பழையதானால் படங்கள் மங்கிவிடவேண்டும், "இது நேற்று மாலை 4 மணித் தகவல்" என்று மேலே பெரிதாக வரவேண்டும். எச்சரிக்கை வெறும் எழுத்தாக, சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இறங்குகிற அளவில் இருக்கவேண்டும். மழையும் காற்றும் அடிக்கும்போதுதான் இந்தப் பக்கம் தேவைப்படும், நெட்வொர்க் நன்றாக இருக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

செயலியில் வரும் விளம்பரம் பற்றியும் நீ கேட்டிருந்தாய். எச்சரிக்கைக்கு மேலே விளம்பரம் வரக்கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தேன், அவ்வளவுதான். இருப்பிடத் தகவல் விஷயத்திலும் இதே பிடிவாதம் உண்டு. 2019இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒரு வானிலைச் செயலியின் மேல் வழக்கே போட்டது, பயனர்களின் இருப்பிடத்தை என்ன செய்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்று. மழை வருமா என்று கேட்டவரிடம் அவர் எங்கெல்லாம் போனார் என்று வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

சரி, உன் சூரியனுக்கு வருகிறேன். திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த நாற்பது விதியை நீக்கச் சொன்னேன். பழையபடி தினமும் துளி போடவும் முடியாது என்று டெவலப்பர்கள் சொன்னது நியாயம்தான். இரண்டு நாள் வரைந்து வரைந்து அழித்தேன். இப்போது 20 முதல் 40 வரை இருந்தால் சூரியனுக்குப் பக்கத்தில் கோட்டால் மட்டும் வரைந்த, உள்ளே நிரப்பாத ஒரு துளி. கீழே ஒரு வரி: "மழை வரலாம், வராமலிருக்க வாய்ப்பு அதிகம். நனையக்கூடாதது கையில் இருந்தால் குடை எடுங்கள்." பெய்யாமலிருக்கும் வாய்ப்பையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் குறைவாகக் குழம்புகிறார்கள் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஜோஸ்லின் குழுவினர் சோதித்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த வரியை வைத்தேன். இன்னும் யாரிடமும் காட்டிச் சோதிக்கவில்லை.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. புதுத் திரையின் படத்தைத் தனியாக அனுப்புகிறேன். அழகாக இருக்கிறதா என்று சொல்லாதே, அம்மா வரைந்தது என்று பார்க்காதே. ஐந்து வினாடி பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வை. அப்புறம், நேர்காணல் அன்று காலை இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எழுது. சான்றிதழ்களை மின்விசிறிக்கு அடியில் தனித்தனியாகப் பரப்பி வை, வெயிலில் வைக்காதே, மை மங்கும்.

அன்புடன்,
அம்மா