கசின் தீவுக்காரர்களுக்கு ஒரு நன்றி

சீஷெல்ஸில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கசின் தீவுக்குப் போக போன மாதம்தான் வாய்த்தது, அதுவும் ஊரிலிருந்து அப்பா வந்ததால். அவருக்கு 78 வயது, முழங்கால் வலி, காது கொஞ்சம் மந்தம். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த மடல்.

முதலில் படகுத் தம்பிகள். பக்கத்துப் பிராலின் தீவிலிருந்து வரும் படகு கரையைத் தொடக்கூடாது, அதிலிருந்து எலி தீவுக்குள் ஏறிவிடும் என்ற பயம். நடுக்கடலில் தீவின் சொந்தப் படகுக்கு மாறவேண்டும். அது அலையோடு சீறி வந்து நேராக மணலில் ஏறி நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்து, அப்பாவை அதில் உட்காரவைத்து இறக்கினார்கள். "வேட்டி நுனிகூட நனையல" என்று இன்னும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் தீவைச் சுற்றிக்காட்ட எங்களைக் கூட்டிப்போன வனக்காவலர் அம்மா. நாங்கள் பார்க்கப் போனது சீஷெல்ஸ் கதிர்க்குருவியை. சாம்பல் பச்சை நிறம், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் 1968-இல் உலகத்திலேயே முப்பதுக்கும் குறைவாக, இந்த 29 ஹெக்டேர் தீவில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மற்றவர்களை வேறொருவரோடு அனுப்பிவிட்டு, அப்பாவுக்காக அந்த அம்மா ஒரே மரத்தடியில் பொறுமையாக நின்றார்.

அப்பா ஒரு இலையைத் தடவிப் பார்த்து, "இது நம்ம லச்சக்கெட்ட கீரைடா!" என்றார். நான் நம்பவில்லை. பெயர் பிசோனியா என்றார் அந்த அம்மா; தேடினால் அதேதான். நம் கொல்லையில் வெளிர் மஞ்சளாக நிற்பது இங்கே கரும்பச்சையில் காடாக வளர்ந்திருக்கிறது. அதன் இலைகளின் அடிப்பக்கம்தான் குருவிக்குச் சாப்பாட்டுத் தட்டு. காலில் கலர் வளையம் போட்ட ஒன்று, கழுத்தைத் திருப்பித் திருப்பி இலைக்கு அடியிலிருந்த பூச்சியைக் கொத்தியது. பிறகு பாடியது. யாரோ வாயால் சீட்டி அடிப்பது போலத் தணிந்த குரல். பேத்தியின் கீச்சுக்குரல் கேட்காத அப்பாவுக்கு அது கேட்டது.

1968-இல் தென்னந்தோப்பாக இருந்த இந்தத் தீவை விலைக்கு வாங்கி, தென்னங்கன்றுகளை அகற்றி, காட்டைத் திரும்ப வளரவிட்ட பறவைப் பாதுகாப்புக்காரர்களுக்கும் கும்பிடு. 1988-இல் 29 குருவிகளை அரீட் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது ஐந்து தீவுகளில் இருக்கிறது.

கொசுத் தைலம் கொடுத்த அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கும் நன்றி. அந்தக் கொசு சாமானியக் கொசு இல்லை. பாட்டிலைத் திருப்பித் தர மறந்துவிட்டோம், அது அப்பாவின் பையோடு ஊருக்கே போய்விட்டது.