ராயக்கோட்டை மலைக்கு ஒரு நல்ல பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் கோலாலம்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். கிருஷ்ணகிரியில் எட்டாவது படிக்கும் என் பேரனும் கூட வந்தான். ஒரு சனிக்கிழமை மகள் எங்களை மலாக்காவுக்குக் கூட்டிப் போனாள், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே ஊர் நடுவில் ஒரு சின்னக் குன்று, அதன் உச்சியில் கூரை போன பழைய தேவாலயம். முட்டி வலியோடுதான் படி ஏறினேன்.

1521-ல் துவார்த்தே கோயெல்யோ என்ற போர்த்துக்கீசியர் மாதாவுக்காகக் கட்டிய சிறு கோயில் அது. 1641-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் புனித பவுல் ஆலயம் என்று பெயரை மாற்றி 1753 வரை அங்கேயே வழிபட்டார்கள், கீழே புதிதாக ஒரு ஆலயம் கட்டியதும் இதை இடுகாடாக்கிவிட்டார்கள். அப்புறம் வந்த பிரிட்டிஷார் வெடிமருந்து வைக்கும் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். நம் முத்துக்குளித்துறையில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார், 1552-ல் சீனக் கரையோரத் தீவில் இறந்தபின், கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சில மாதங்கள் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார். அந்தக் குழியைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். வெளியே நிற்கும் வெள்ளைச் சிலைக்கு வலது கை இல்லை, மரம் விழுந்து உடைந்ததாம்.

என்னை அங்கேயே உட்கார வைத்தது கல்லறைக் கற்கள்தான். ஆள் உயரத்துக்கும் மேலான கருங்கல் பலகைகளைச் செம்புறாங்கல் சுவர் ஓரமாக வரிசையாக நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் மண்டையோடும் குறுக்கு எலும்பும் செதுக்கியிருந்தது. பேரன் அதன் பள்ளத்தில் விரலை விட்டு எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தான். கூரையைத் திரும்பப் போடவில்லை, சுவருக்குப் புதுசாகப் பெயின்டும் அடிக்கவில்லை, இடிந்ததை இடிந்தபடியே விட்டுச் சுத்தமாக வைத்து இது இன்னது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே அத்தனை கூட்டம்.

இறங்கும்போது பேரன் கேட்டான்: "பாட்டி, நம்ம ராயக்கோட்டை மலை இதைவிடப் பெருசாச்சே, அங்க ஏன் யாரும் எதுவும் சொல்றதில்ல?" எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் நான்.

ராயக்கோட்டைக்கு என்ன குறை? அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமையின் கோட்டைகளில் முக்கியமானது, மைசூருக்கு ஏறும் கணவாய்க்குக் காவல். 1791-ல் திப்புவின் படையிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிப் படை இதைப் பிடித்தது. அதே வருடம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை, அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் அடிவாங்கித் திரும்பினார்கள். மறுவருடம் திப்புவோடு செய்த ஒப்பந்தத்தில்தான் இந்தச் சீமையே கும்பினிக்குக் கைமாறியது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

போன வருடம் நான் ஏறியபோது, சேதப்படுத்தினால் தண்டனை என்று ஒரு பலகை இருந்தது. அதைத் தாண்டினால் எது வெடிமருந்துக் கிடங்கு, எது காவலர் இருந்த இடம், சுனை எதற்கு வெட்டினார்கள் என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. பாறையிலும் சுவரிலும் காதலர் பெயர்கள், சுண்ணாம்பை ஆணியால் கீறியே எழுதியிருக்கிறார்கள். சுனையில் தண்ணீர் பாட்டில்கள் மிதந்தன. கீறுகிறவர்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், அந்தச் சுவர் என்னவென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சிமென்ட் பூசி அழகுபடுத்துகிறேன் என்று தயவுசெய்து யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம், அது இடிப்பதைவிட மோசம். படி பெயர்ந்த இடத்தைச் சரிசெய்து, குப்பைத்தொட்டி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் தமிழில் நாலு வரி எழுதி வைத்தால் போதும். வாசகங்கள் எழுதித்தர நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்களும் தயார், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காவேரிப்பட்டினம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.