திடுக்கிடுறது வேற, பயம் வேற

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க சினிமா பக்கத்துல ஒரு பேய்ப்பட விமர்சனம் வந்துச்சு, செம பயம், தியேட்டரே அலறுதுன்னு எழுதியிருந்தாங்க, அதை நம்பிப் போய் பாத்தா படம் முழுக்க கம்முனு இருந்துட்டு திடீர் திடீர்னு காதுக்குள்ள டமார்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பக்கத்துல யாராச்சும் தட்டை கீழ போட்டாலும் நான் அதே அளவுதான் துள்ளியிருப்பேன். அது திடுக்கிடுறது சார். பயம்னா வீட்டுக்கு வந்தப்புறமும் லைட்டை அணைக்க கை தயங்கணும்.

1975ல வந்த 'ஜாஸ்'ங்கற சுறாப் படத்தை எடுக்கும்போது அவங்க செஞ்சு வச்ச மெஷின் சுறா கடல் தண்ணில சும்மா சும்மா மக்கர் பண்ணுச்சு, வேற வழி இல்லாம டைரக்டர் ஸ்பீல்பெர்க் சுறாவை ரொம்ப நேரம் காட்டாமலே ஓட்டினாரு, தண்ணி மட்டத்துல ஒரு கேமரா, ஜான் வில்லியம்ஸோட மியூசிக்ல ரெண்டே ரெண்டு நோட், அது போதும்னு ஆயிடுச்சு. மெஷின் ஒழுங்கா ஓடியிருந்தா அந்தப் படம் இவ்ளோ பேசப்பட்டிருக்குமான்னே எனக்கு சந்தேகம்தான்.

வீடியோ கேம்லயும் இதே கதைதான். 1999ல வந்த 'சைலண்ட் ஹில்', அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் கேம் மெஷினால தூரத்துல இருக்கற தெருவெல்லாம் வரைஞ்சு காட்ட முடியாது, அதை மறைக்க ஊர் முழுக்க மூடுபனியை போட்டு விட்டாங்க. கையில ஒரு சின்ன ரேடியோ வேற, ஏதாவது கிட்ட வந்தா அது கரகரன்னு இரையும், ஆனா என்ன வருது, எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது. படத்துல ஹீரோயின் இருட்டு ரூமுக்குள்ள போனா "ஏம்மா போற"ன்னு நாம திட்டலாம், கேம்ல யாரைத் திட்றது, நம்ம விரல்தானே பட்டனை அழுத்தி உள்ள கூட்டிட்டுப் போகுது.

ரேடியோவுக்கு கண்ணே கிடையாது, அதான் அதோட பலம். 1938 அக்டோபர் 30 ராத்திரி அமெரிக்க ரேடியோல ஆர்சன் வெல்ஸ்ங்கற நடிகர் செவ்வாய் கிரகத்துக்காரங்க படையெடுக்கற நாடகத்தை நியூஸ் மாதிரியே போட்டாரு, அதுல ஸ்பாட்ல இருந்து பேசிட்டு இருக்கற நிருபரோட குரல் பாதியில கட் ஆகும், அப்புறம் சில நொடி ஒண்ணுமே கேக்காது. எல்லாத்தையும் விட அந்த சில நொடிதான் சார் பயங்கரம். (அதை நிஜம்னு நம்பி நாடே பயந்து ஓடுச்சுன்னு சொல்றதை பத்திரிகைங்கதான் ஊதிப் பெருசாக்கினாங்கன்னு இப்ப ஆய்வு பண்றவங்க சொல்றாங்க, நீங்க கோச்சுக்காதீங்க.)

ஓவியத்துல சத்தமும் இல்ல, அசைவும் இல்ல. 1893ல நார்வே ஓவியர் மூங்க் வரைஞ்ச 'அலறல்' படத்தை பாத்தா அந்த ஆள் கத்தறான்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன், ஆனா மூங்க் எழுதி வச்சிருக்கறதைப் படிச்சா அலறல் இயற்கைக்குள்ள இருந்து வருது, அந்த ஆள் தாங்க முடியாம காதைப் பொத்திக்கறான். எதைக் கேட்டு பயந்தான்னு படத்துல இல்ல, பயந்தவன் மட்டும்தான் இருக்கான்.

நம்ம ஆட்டக்கலையும் அதைத்தான பண்ணுது, மேடையில புலி வராது, புலியைப் பாத்தவளோட கண்ணும் நடுங்கற விரலும் போதும், நமக்கு புலி தெரிஞ்சிடும். மனசுல உள்ளது உடம்புல தெரியறதுக்கு மெய்ப்பாடுன்னே தொல்காப்பியம் பேர் வச்சிருக்கு. அச்சம் எதனால வரும்னு அங்க நாலு சொல்லியிருக்கு, அணங்கு (அதான் பேய், தெய்வம் மாதிரி), விலங்கு, கள்வர், தம் இறை. நாலாவதா ஆளறவனையும் சேத்தாங்க பாருங்க, அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்! இப்ப வர்ற படங்கள்ல பாதிக்கு மேல முதல் ஐட்டத்தை விட்டு நகரவே மாட்டேங்குது, அதுவும் முகத்துல வெள்ளை பவுடரைப் பூசி குளோசப்ல நிறுத்திடறாங்க, மூணாவது தடவை பாக்கும்போது அதுக்கு மேக்கப் எங்க உரியுதுன்னுதான் கண்ணு போகுது.

உங்க விமர்சகர் மேல எனக்கு கோவமெல்லாம் இல்ல. அடுத்த பேய்ப்படத்துக்கு மட்டும் தியேட்டர் வாசல்ல இருந்தே மார்க் அனுப்பாம, அன்னிக்கு ராத்திரி தனியா ஒரு தூக்கம் போட்டுட்டு காலையில எழுதச் சொல்லுங்க, ஒருவேளை தூக்கம் வரலைன்னா அதையும் எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு
உங்க பழைய வாசகன்