சரிகைப் பட்டுத்துணியை வெட்ட வேண்டாம், மீனா

காங்டாக்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே ஜூனில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. செருப்பு, தோல்பை, புத்தக அட்டை எல்லாவற்றிலும் பூஞ்சை. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, பள்ளிக்கூட மேட்டை ஏறி இறங்க முடிகிறது.

சரி, தங்கா விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உன் திபெத்திய பௌத்தத் துணி ஓவியம். காத்மாண்டு பௌத்தநாத்தில் நீ வாங்கிய பச்சைத் தாரா தேவியின் ஓவியத்தைச் சுற்றியிருக்கும் சரிகைப் பட்டுத்துணியை வெட்டிவிட்டு, ஓவியத்தை மட்டும் அட்டையில் ஒட்டிக் கண்ணாடி போடலாம் என்று ஃப்ரேம் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதே. ஓவியத் துணியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தப் பட்டுதான். கீழே இருக்கும் மரக்கோல் அதைத் தொய்யாமல் நிறுத்துகிறது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் ஒரு காலத்தில் பட்டுத்துணியைக் கழற்றிவிட்டுச் சட்டம் போட்டார்கள். அப்படி மொட்டையாகிப்போன பழைய தங்காக்கள் ஏராளம். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம், அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார். பிரதிஷ்டை செய்ததாக இருந்தால், தாராவின் நெற்றி, தொண்டை, மார்பு மூன்றுக்கும் நேர் பின்னால் ஓம், ஆ, ஹூம் என்று எழுதியிருக்கும். அட்டையில் ஒட்டினால் அதுவும் போயிற்று.

பக்கத்து வீட்டு பூட்டியா அம்மாவின் பூஜையறையில் அவர் மாமியார் காலத்துத் தங்கா ஒன்று இருக்கிறது. போன வாரம் மஞ்சள் பட்டுத் திரையைத் தூக்கிக் கிட்டத்தில் பார்க்க விட்டார். வானத்து நீலம் லேசாக மணல் மணலாக இருக்கிறது. அசுரைட் கல்லைப் பொடித்த நிறம் அது. பெருவெட்டாக இருந்தால்தான் அடர்நீலம், மைபோல அரைத்தால் வெளிறிவிடும். சிவப்பு சாதிலிங்கம், பச்சை மாலகைட் கல். இத்தனையும் பருத்தித் துணியில் சுண்ணப் பூச்சின் மேல் தோல் பசையால் நிற்கிறது, மீனா. அந்தப் பசை தண்ணீரில் கரையும். தாமரைக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தங்கக் கோடுகள் அறுந்துபோய், அடியில் இருக்கும் வெள்ளை தெரிகிறது.

உன்னுடையது புதியது, ஒருவேளை அக்ரிலிக் வண்ணமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் ஈரம் படவிடாதே. கூலர் காற்றும் ஏசி காற்றும் நேரே படுகிற இடம் வேண்டாம். மழையில் நனைகிற வெளிச்சுவரும் வேண்டாம். உள்சுவராகப் பார்த்து மாட்டு. வெயில் துளியும் ஆகாது. துணிப் பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான கணக்கு. உங்கள் வரவேற்பறை விளக்கு அதைவிட அதிகம்தான். அதனால் அந்த மெல்லிய திரையைக் கழற்றாதே, பார்க்காத நேரத்தில் இறக்கிவிடு. தூசியும் உள்ளே போகாது. விளக்கையும் ஊதுபத்தியையும் நன்றாகத் தள்ளி வை. எண்ணெய்ப் புகை படிந்தால் வீட்டில் எடுக்க வழியே கிடையாது.

சுருட்டுவதைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள். திரையை முகத்தின் மேல் விட்டு, கீழ்க்கோலிலிருந்து மேல்நோக்கித் தளர்வாகச் சுருட்டு. நாடாவை இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் வண்ணம் வெடிக்கும். எங்காவது வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் தூரிகைகூடப் போடாதே. உங்கள் டெல்லியிலேயே, கலைப் பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டு.

மழை விட்டதும் கிளம்பி வா. இங்கே காங்டாக் தேவராலியில் நாம்கியால் திபெத்தியல் நிறுவனம் இருக்கிறது, 1958இல் நேரு திறந்துவைத்தது. அங்கே இருக்கும் தங்காக்களைப் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும். அதற்கு முன்னால் உன் தாராவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. கடைக்காரரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
ராஜி