கஜாவில் கடலும்தான் ஊருக்குள் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

கஜா புயல் நினைவு நாளுக்கு நீங்கள் போட்ட முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். தென்னைக்கு ஏழெட்டுப் பத்தி, கடலுக்கு ஒரே வரி: "கடலும் சீற்றத்துடன் காணப்பட்டது." அந்த ஒரு வரிக்காவது எங்கள் கடற்கரையின் சார்பில் நன்றி.

தென்னை போனதைக் குறைத்துப் பேசவில்லை, என் மைத்துனர் தோப்பும் அன்றைக்குச் சாய்ந்ததுதான். ஆனால் 2018 நவம்பர் 16 விடியுமுன் எங்கள் தெருவுக்குள் வந்தது மழைத்தண்ணீர் இல்லை. வாடையாக அடித்துக்கொண்டிருந்த காற்று, புயலின் கண் தாண்டியதும் அப்படியே திரும்பி, கடலையும் அடியில் கிடந்த சேற்றையும் சேர்த்து ஊருக்குள் தள்ளியது. வலை, இன்ஜின் எல்லாம் சேற்றில். கணக்கெடுக்க வந்த அலுவலர் "காற்றில் உடைந்திருந்தால்தான் பட்டியலில் சேர்க்க முடியும்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அவரிடம் கேட்க முடியாததை உங்களிடம் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயிலையே இழுத்துப் போனது அலைதான் என்பது உங்களுக்குத் தெரியாததா? 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமையில் ஆயிரக்கணக்கானோர் செத்ததும் கடல் புகுந்துதானே? அப்படியிருந்தும் புயல் என்றாலே உங்களுக்கு மணிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை சென்டிமீட்டர் மழை, எத்தனையாம் எண் கூண்டு, அவ்வளவுதான். காற்று கொஞ்சம் தணிந்தால் "வலுவிழந்தது, மக்கள் நிம்மதி" என்று தலைப்பு. ஆழமில்லாத எங்கள் கடலில், தண்ணீர் மட்டம் தினமும் உயரும் ஏற்ற நேரமும் புயலும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று எழுத மட்டும் இடம் கிடைக்காது. அலைக்கு முன் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு வண்ணப் படமே கிடைக்கிறது!

2022இல் மாண்டஸ் புயல் வந்தபோது மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையை அலை உடைத்தது. எல்லாப் பத்திரிகையும் எழுதியது. சரி, எழுத வேண்டியதுதான். மெரினாவுக்குத் தெற்கேயும் கரை இருக்கிறது ஐயா.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கையிலேயே, வழக்கமான ஏற்றத்தைவிடக் கடல் எத்தனை மீட்டர் கூடுதலாக எழும், எந்த மாவட்டத்தில் தாழ்வான இடங்களுக்குள் புகும் என்று ஒரு பத்தி இருக்கும். கஜாவுக்கும் இருந்தது, சுமார் 1 மீட்டர் என்று. அடுத்த புயலுக்கு அந்தப் பத்தியை வெட்டாமல் போடுங்கள், பக்கத்திலேயே அன்றைய ஏற்ற நேரத்தையும். தங்கம் விலைக்குத் தினமும் கட்டம் கட்டுகிறீர்கள், அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடமிருக்கும்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்துக் கடலோர வாசகர் ஒருவர்