உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா?

கிராமங்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

எத்தனை கழிப்பறை கட்டினீர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதில் ஒன்றுக்குள்ளாவது போய்க் கதவைச் சாத்திப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே கொண்டி இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி உட்கார வேண்டும். இல்லையென்றால் தங்கையை வாசலில் காவல் நிறுத்த வேண்டும். விளக்கும் இல்லாத இடத்தில் இரவில் யார் போவார்கள்?

சரி, தண்ணீருக்கு வருவோம். கையால் ஊற்றும் கழிப்பறைக்கு ஒரு தடவைக்கு 2 லிட்டராவது வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் 50 லிட்டர். கை கால் கழுவுவது தனி. 50 லிட்டர் என்பது 50 கிலோ. வாசலில் குழாய் இல்லாத வீட்டில் அதைச் சுமப்பது யார்? உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத 10 குடும்பங்களில் 7-இல் அந்தப் பொறுப்பு பெண்கள், சிறுமிகள் தலையில்தான். ஆக, கழிப்பறை வந்த அன்றைக்கு அவளுக்கு இரண்டு மூன்று நடை கூடிவிட்டது. கடைசியில் அது விறகு அடுக்கும் அறையாகிறது. அப்புறம் நீங்கள் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அந்த வரியில்தான்.

இருட்டிய பிறகுதான் வெளியே ஒதுங்க முடியும் என்பதால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழியாகிறது. மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். மாற்றிய நாப்கினை எங்கே போடுவாள்? கழிப்பறைக்குள்ளேயே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வேண்டியது மூடியுள்ள ஒரு தொட்டி, துணியை மாட்ட ஓர் ஆணி, உள்ளேயே தண்ணீர். தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்றே தீர்மானம் போட்டுவிட்டது. உரிமை வந்துவிட்டது, ஆணிதான் இன்னும் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரைபடம் போடும் முன் அந்த ஊர்ப் பெண்களோடு உட்காருங்கள். கட்டி முடித்ததும், அவர்களில் ஒருத்தி இரவில் உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுங்கள். கூட்டத்தைக் காலையில் மட்டும் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் தண்ணீர் வரிசையில் நிற்பார்கள்.