நட அம்மா

சான் டியாகோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, ஆயா எல்லோரும் நலமா?

இதுவும் கடற்கரை ஊர்தான். ஆனால் கடல் மேற்கே. தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து ஏறும் சூரியன் இங்கே கடலுக்குள் இறங்குகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை. சாம்பார்ப் பொடி இருக்கிறது, இப்போது அனுப்ப வேண்டாம்.

போனில் கேட்டாயே, "எலும்பு மெலிஞ்சிருக்குன்னு சொல்லிட்டு நடக்கவும் சொல்றாரே டாக்டர்?" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். என் வேலையும் அதையொட்டியதுதான்.

தெருவில் எல்லோரிடமும் நான் ஸ்கேன் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாய். ஒலி அதே அல்ட்ராசவுண்ட்தான். ஸ்கேனில் எதிரொலியை வைத்துப் படம் பிடிக்கிறார்கள். நாங்கள் அந்த ஒலியால் உடலின் செல்லைத் தள்ளிப் பார்க்கிறோம். பாடலீஸ்வரர் கோயில் தேர் வரும்போது மேளம் நெஞ்சுக்குள் இடிக்குமே, ஒலிக்கு அப்படியொரு தள்ளும் பலம் உண்டு.

குழிவான ஒரு பீங்கான் வில்லைக்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும். குழிவாக இருப்பதால் அலைகளெல்லாம் ஒரு புள்ளியில் போய்க் குவியும். நொடிக்கு 10 லட்சம் அதிர்வு என்றால் தண்ணீரில் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர், குவியும் புள்ளியும் ஏறக்குறைய அந்த அளவுதான்; ஒற்றைச் செல்லுக்கு அது மிகப் பெரிது. 4 கோடி அதிர்வுக்குப் போனால் 40 மைக்ரானுக்குள் வந்துவிடும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஊசி படாமல், செல்லுக்குக் காயமில்லாமல் தள்ளலாம்.

செல்லின் சவ்வில் பியசோ1 என்றொரு புரதம் இருக்கிறது. சவ்வு இழுபட்டால் அது திறந்து கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை முன்பே ஏற்றியிருப்பதால் மைக்ராஸ்கோப்பில் செல் பச்சையாக ஒளிரும். பார்க்க அவ்வளவு அழகு அம்மா! 2010இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1986இல் பெய்ரூட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒலி பட்டால் சூடும் ஏறும், அதுதான் பெரிய தொல்லை. செல் ஒளிர்ந்தது தள்ளியதாலா, சூட்டாலா? அதனால் மிகக் குறுகிய துடிப்புகளாகக் கொடுக்கிறோம். பியசோ1 நீக்கிய செல்களுக்கும் அதே ஒலியைக் கொடுப்போம். அவை ஒளிராமல் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். காற்றுக் குமிழிகள் ஒலியைச் சிதறடித்துவிடும் என்பதால் தண்ணீரிலிருந்து காற்றை எடுத்துவிட்டே ஊற்றுகிறோம்.

எலும்பைக் கட்டும் செல்களிலும் பியசோ1 உண்டு. எலிகளில் அந்தச் செல்களிலிருந்து அதை நீக்கினால் எலும்பு மெலிந்துபோகிறது. விண்வெளியில் எடையின்றி மிதப்பவர்களுக்கும் எலும்பு குறைகிறது. தன்மேல் பாரம் விழுந்தால்தான் எலும்புக்குத் தன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். டாக்டர் சொன்னது அதைத்தான்.

ஒலி மெஷின் வைத்து எலும்பைக் கெட்டியாக்குகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதே. நாங்கள் இன்னும் தட்டில் வளரும் செல்களோடுதான் இருக்கிறோம். மாத்திரையை விடாதே. வெயில் ஏறுமுன் சில்வர் பீச் பக்கம் போ. மணலில் கால் புதைந்தால் ரோட்டிலேயே நட, பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொள். அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்.

அன்புடன்,
உன் மகள்